பல்லைப் பிடுங்கிக்கொண்டு தீவுக்குப் போனவர்

1929-ல் பெர்லினில் இருந்து ஒரு டாக்டர், ஏறக்குறைய ஆளே இல்லாத ஒரு தீவில் குடியேறக் கிளம்பினார். போவதற்கு முன் அவர் செய்துகொண்ட ஏற்பாடுகளில் ஒன்று, வாயில் இருந்த பற்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டது. போகிற இடத்தில் பல் டாக்டர் கிடையாது. பல் இருந்தால்தானே பல்வலி வரும்? பதிலுக்கு எஃகில் ஒரு பல்செட் செய்து எடுத்துக்கொண்டார். துருப்பிடிக்காது, உடையாது, ஆயுசுக்கும் உழைக்கும்.

இவ்வளவு முன்யோசனைக்காரர் ஐந்தே வருடத்தில் அந்தத் தீவிலேயே இறந்துபோனார். கெட்டுப்போன கோழிக்கறி சாப்பிட்டதால்! இத்தனைக்கும் சைவ உணவுதான் மனிதனுக்கு உகந்தது என்று பேசியும் எழுதியும் வந்தவர் அவர்.

அந்த டாக்டரின் பெயர் ஃப்ரீட்ரிக் ரிட்டர். தீவின் பெயர் ஃப்ளோரியானா. தென் அமெரிக்காவில் ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் ஒன்று. டார்வின் போனாரே, அதேதான். 1929-க்கும் 1932-க்கும் நடுவில் இந்த ஒரே தீவுக்கு ஐரோப்பாவிலிருந்து மூன்று கோஷ்டிகள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 1934 முடிவதற்குள் அவர்களில் இரண்டு பேர் மாயமாகிவிட்டார்கள், இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

மேல்நாட்டில் இது ரொம்பப் பிரபலமான கதை. 2013-ல் ஒரு டாக்குமெண்டரி வந்தது. 2024-ல் ரான் ஹோவர்ட் 'ஈடன்' என்று சினிமாவே எடுத்துவிட்டார். எல்லோரும் கேட்கிற கேள்வி, கொன்றது யார் என்பது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. பி.காம். படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ஸ்டாக் ரெஜிஸ்டராகத்தானே தெரியும் :-) இவர்கள் என்ன கொண்டுபோனார்கள், எதை நம்பிப் போனார்கள், அதில் எது கடைசியில் உதவியது என்று பார்த்தால் அதுவே ஒரு தனி வரலாறாக இருக்கிறது. வேறு வேறு தீவு, வேறு வேறு காலம் என்றால் ஒப்பிடுவது கஷ்டம். இங்கே ஒரே மண், ஒரே தண்ணீர், ஏறக்குறைய ஒரே காலம்.

முதலில் தீவைப் பார்த்துவிடுவோம். வெப்பமண்டலத் தீவு என்றதும் தென்னை மரமும் அருவியும் கண்முன் வரும். ஃப்ளோரியானா பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது, ஆனால் அந்தப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹம்போல்ட் என்கிற குளிர் நீரோட்டம் தெற்கேயிருந்து வந்து இந்தத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போவதால் கடற்கரையோரம் மழை குறைவு. கறுப்பு எரிமலைப் பாறை, கள்ளி, முள். உள்ளே மலைமேல் ஏறினால்தான் பச்சை. அங்கே ஜூனிலிருந்து நவம்பர் வரை மேகம் இறங்கி மெல்லிய தூறல் விழும், அதை 'கரூவா' என்பார்கள். ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் கிடைக்கும் ஊற்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பரப்பளவு 173 சதுர கிலோமீட்டர். 2011-ல் விரிவாக்குவதற்கு முன் சென்னை மாநகராட்சி இருந்ததே, கிட்டத்தட்ட அந்த அளவு. அத்தனை பெரிய இடம்தான், ஆனால் மனிதன் குடியிருக்கலாம் என்றால் ஊற்று இருக்கிற இரண்டு மூன்று இடத்தில்தான் இருக்க முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இந்தத் தீவுக்கு 1929-க்கு முன்னாலும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் கரையில் ஒரு மரப்பீப்பாயை வைத்தார்கள். அதில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனால், ஊர்ப்பக்கம் திரும்புகிற வேறு கப்பல் எடுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்கே 'போஸ்ட் ஆபீஸ் விரிகுடா' என்று பெயர். 1807 வாக்கில் பேட்ரிக் வாட்கின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் இங்கே தனியாக இருந்து காய்கறி பயிரிட்டு, வருகிற கப்பல்களுக்குக் கொடுத்து ரம் வாங்கிக் குடித்தார். இரண்டு வருடத்தில் அதுவும் சலித்துப்போய் ஒரு படகைத் திருடிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குத் தேவைப்பட்ட முதலீடு விதை மட்டும்தான். விதைக்காரர் என்ற முறையில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, படகு விஷயத்தை விட்டுவிடலாம்.

1832-ல் ஈக்வடார் அரசு கலாபகஸ் தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஹோசே வில்லமில் என்பவர் ஃப்ளோரியானாவில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். நாடுகடத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்துச் செய்த குடியேற்றம் அது. 1835 செப்டம்பரில் டார்வின் வந்தபோது இங்கே 200, 300 பேர் இருந்தார்கள். சக்கரைவள்ளிக் கிழங்கும் வாழையும் பயிராகியிருந்தன. இறைச்சிக்குக் காட்டில் பன்றியும் ஆடும் இருந்தன, ஆனால் முக்கியமாக ராட்சத ஆமைகள். இரண்டு நாள் வேட்டையாடினால் வாரத்தின் மீதி ஐந்து நாளுக்குச் சாப்பாடு கிடைத்துவிடும் என்று டார்வின் குறித்திருக்கிறார். இப்படிச் சாப்பிட்டால் ஆமை எத்தனை நாளைக்கு வரும்? 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஃப்ளோரியானாவின் ஆமை இனம் தீவிலிருந்து ஒழிந்துபோனது. குடியேற்றமும் நிலைக்கவில்லை.

மனிதர்கள் போனார்கள், சாமான்கள் போகவில்லை. ஆடு, மாடு, பன்றி, கழுதை எல்லாம் காட்டு விலங்குகளாகிப் பெருகின. கப்பலில் டிக்கெட் இல்லாமல் வந்த எலியும் பெருகியது. நல்லதும் மிஞ்சியது. மலைமேல் ஊற்றுப் பக்கத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும் தானாகவே வளர்ந்து நின்றன. ஆக 1929-ல் வந்தவர்களுக்கு இது கன்னிநிலம் இல்லை. முந்தின கம்பெனி திவாலாகிப் போன கட்டடத்தில் புதிதாகக் கடை திறப்பதுபோல. பழைய சொத்தும் உண்டு, பழைய கடனும் உண்டு. ராத்திரியில் வந்து தோட்டத்தைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றிதான் அந்தக் கடன்.

ரிட்டருக்குக் கொஞ்சம் முன்னால், 1925-ல், நார்வேக்காரர்கள் ஒரு கோஷ்டியாக வந்தார்கள். இவர்கள் தயாரிப்பு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஊரிலேயே பங்கு போட்டுப் பணம் திரட்டி, கப்பல் வாங்கி, மரமும் இயந்திரமும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மீனை டப்பாவில் அடைத்து விற்பதாகத் திட்டம். போஸ்ட் ஆபீஸ் விரிகுடாவில் வீடு கட்டினார்கள், சாமான் இழுக்கத் தண்டவாளம்கூடப் போட்டார்கள். ஆனால் மீன் டப்பா தொழிலுக்கு மீன் மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும், தவறாமல் வந்துபோகிற கப்பல் வேண்டும், முதல் சரக்கு விற்றுப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு வேண்டும். எங்கள் பாடத்தில் நடைமுறை மூலதனம் என்று சொல்லிக்கொடுப்பது இந்தக் கடைசிச் சமாச்சாரம்தான். கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? சில வருடங்களுக்குள் சிலர் பக்கத்துத் தீவுகளுக்குப் போனார்கள், பலர் ஊருக்கே திரும்பினார்கள். வீடு மட்டும் காலியாக நின்றது. பின்னால் வந்தவர்களுக்கு அது தர்மசத்திரம் மாதிரி உதவியது.

இப்போது ரிட்டர். அவருக்கு வயது 43. நீட்சே, லாவோட்சு என்று படித்துப் படித்து நாகரிகமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர். தனியாக இருந்து பெரிய தத்துவ நூல் எழுத வேண்டும், சரியான உணவு உண்டால் நூறு வயதைத் தாண்டி வாழலாம் என்பது அவர் நம்பிக்கை. கூடப் போனவர் டோரே ஸ்ட்ராக், அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண். இரண்டு பேருமே வேறு வேறு இடத்தில் கல்யாணமானவர்கள். விட்டுப்போகிற கணவருக்கு, விட்டுப்போகிற மனைவி வீடு பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினார்கள்! (இந்த ஏற்பாட்டைப் படித்தபோது பல்செட்டே தேவலாம் என்று தோன்றியது.) டோரேவுக்கு நரம்பைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோய், ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். 1929 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் கப்பல் ஏறி, ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகம் வழியாக, செப்டம்பரில் ஃப்ளோரியானாவில் இறங்கினார்கள்.

கொண்டுபோனதில் தோட்டக் கருவிகள், விதைகள், பாத்திரம், துணி, புத்தகம் எல்லாம் இருந்தன. குறை சொல்ல முடியாத பட்டியல். கடற்கரையிலிருந்து மலைமேல் ஊற்று இருக்கும் இடத்துக்கு அத்தனையையும் பாறை வழியாகத் தூக்கிக்கொண்டு போனதில்தான் முதல் பாடம் கிடைத்திருக்கும். ஊற்றுப் பக்கத்தில் வீடு கட்டி, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'ஃப்ரீடோ' என்று பெயர் வைத்தார்கள். தோட்டம் போட்டார்கள், அதைப் பன்றியும் மாடும் கழுதையும் அழித்தன, மறுபடி போட்டார்கள். டோரேவின் பற்களுக்குத்தான் முன்னேற்பாடு செய்யவில்லை. அவை கெட்டுப்போனபோது ரிட்டரே தீவில் வைத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஒரே எஃகுப் பல்செட்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

பல்செட் கதையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அதில் ஒரு மனோபாவம் இருக்கிறது. ரிட்டர் தன் உடம்பைத் தயார் செய்தார், தன் மனதைத் தயார் செய்தார், தன் புத்தகத்துக்கான யோசனைகளைத் தயார் செய்தார். கூட வந்த ஆளின் பல், கூட வந்த ஆளின் கால், இவை அவருடைய பட்டியலில் தனி வரியாக வரவே இல்லை. டோரே பின்னால் எழுதிய புத்தகத்தில் ரிட்டரைப் பற்றிப் பெருமையும் உண்டு, அவருடைய கடுமையைப் பற்றிய வேதனையும் உண்டு. நோயாளி என்று தெரிந்தும் கடும் வேலை வாங்கினார் என்கிறார்.

1930-ன் தொடக்கத்தில் ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்ட் தன் சொந்தக் கப்பலில் வந்து இவர்களைப் பார்த்தார். உணவும் கருவிகளும் கொடுத்துவிட்டுப் போனார், செய்தி உலகம் முழுக்கப் பரவியது. "நவீன ஆதாம், ஏவாள்" என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்து. 1931-ல் ரிட்டரின் கட்டுரைகள் அமெரிக்காவின் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகையில் வந்தன. அதன்பிறகு பணக்காரர்களின் கப்பல்கள் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தன, வரும்போது கைநிறையச் சாமான் கொண்டுவந்தன. தனிமையைத் தேடிப் போனவருக்குத் தனிமையே விளம்பரமாகி, விளம்பரமே வரும்படியாகிவிட்டது. அவர் திட்டமிட்ட வருமானம் இது இல்லை. ஆனால் தோட்டத்தோடு இந்த அன்பளிப்பும் சேர்ந்துதான் ஃப்ரீடோ ஓடியது.

விளம்பரத்துக்கு ஒரு செலவும் உண்டு. படித்தவர்கள் எல்லாம் கிளம்பி வர ஆரம்பித்தார்கள். வந்த பலர் சில நாளில் திரும்பிப் போனார்கள். திரும்பாதவர்கள் விட்மர் குடும்பம்.

1932 ஜெர்மனியை நினைத்துப் பாருங்கள். வேலையில்லாதவர்கள் மட்டும் 60 லட்சம் பேர். ஹைன்ஸ் விட்மர் அப்போது கொலோன் நகர மேயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மேயர் யார் தெரியுமா? பின்னால் 1949-ல் மேற்கு ஜெர்மனியின் முதல் அதிபரான கொன்ராட் அடினாவர். ஹைன்ஸின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஹாரிக்கு உடம்பு சரியில்லை, கண்பார்வையும் குறைவு, நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். மனைவி மார்கரெட் கர்ப்பிணி. இவர்கள் 1932 ஆகஸ்ட் கடைசியில் வந்து இறங்கினார்கள்.

இவர்களுடைய மூட்டையில் தத்துவம் இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு மாற்றும்போது என்ன கட்டுமோ, அதுதான். ஆனால் பட்டியலில் இருந்த மிக முக்கியமான சாமானை அவர்கள் கொண்டுபோகவில்லை, அது ஏற்கெனவே தீவில் இருப்பதாக நினைத்தார்கள். பக்கத்து வீட்டு டாக்டர்! கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு உலகத்தின் மூலைக்குப் போக ஹைன்ஸுக்குத் தைரியம் வந்ததில் ரிட்டருக்கும் பங்கு உண்டு. ரிட்டரோ, வைத்தியம் பார்ப்பதற்காகத் தான் இங்கே வரவில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

விட்மர்கள் முதலில் தங்கியது பழைய கடற்கொள்ளையர் குகைகள் என்று சொல்லப்படும் இடத்தில். பக்கத்திலேயே ஊற்று. முந்தின குடியேறிகள் விட்டுப்போன ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள். குழந்தை வருவதற்குள் வீட்டைக் கட்டி முடிக்க முடியவில்லை. 1933 புத்தாண்டு சமயத்தில் மார்கரெட்டுக்கு அந்தக் குகையிலேயே, துணைக்கு மருத்துவச்சிகூட இல்லாமல், ரோல்ஃப் பிறந்தான். பிரசவத்துக்குப் பின் நிலைமை சிக்கலானபோது கடைசியில் ரிட்டர் வந்து பார்த்தார். வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு டாக்டர் வரமாட்டேன் என்று கொள்கை பேசலாம், ஆனால் தீவில் இருப்பதே விரல்விட்டு எண்ணும் ஆட்கள் என்றால் கொள்கை ரொம்ப நாள் தாங்காது.

மூன்றாவது கோஷ்டி 1932 கடைசியில் வந்தது. எலாய்ஸ் வாக்னர் என்ற பெண்மணி, தன்னைப் பரோனஸ், அதாவது பிரபுகுலச் சீமாட்டி என்று சொல்லிக்கொண்டார். கூட இரண்டு ஜெர்மன் ஆண்கள், ராபர்ட் பிலிப்சன், ருடால்ஃப் லோரென்ஸ். அமெரிக்கக் கோடீஸ்வரர்களுக்காக 'ஹசியெண்டா பாரடைஸோ' என்று ஒரு ஹோட்டல் கட்டுவது அவர் திட்டம். இடுப்பில் துப்பாக்கி, கையில் சவுக்கு. பணம் பெரும்பாலும் லோரென்ஸ் பாரிஸில் நடத்திய கடையைக் கரைத்து வந்தது என்கிறார்கள். என்னைக் கேட்டால், மூன்று திட்டங்களில் காகிதத்தில் பார்க்க லாபகரமானது இதுதான்! கோடீஸ்வரர்கள் நிஜமாகவே கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். தங்க இடம் இல்லை. தேவை இருக்கிறது, போட்டி இல்லை. எங்கள் பேராசிரியர்கள் கேட்டால் நல்ல புராஜெக்ட் ரிப்போர்ட் என்றுதான் மார்க் போடுவார்கள்.

வந்த புதிதில் நடந்த ஒன்றை மார்கரெட் எழுதியிருக்கிறார். விட்மர்கள் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றில் பரோனஸ் கால் கழுவினார். எங்கள் சிவகங்கைப் பக்கம் குடிக்கிற ஊருணியில் யாராவது காலை வைத்தால் ஊரே திரண்டு வந்துவிடும். அந்த ஒரு தண்ணீர்தான் ஊரின் கஜானா, ரேஷன் கடை எல்லாம். எந்தப் புத்தகமும் படிக்காமல் எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த விஷயம் அது. பரோனஸுக்குத் தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று அவர் நினைத்ததுதான் பிரச்சினை. பிறகு அடுத்தவர்களுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார், கப்பல்கள் மற்றவர்களுக்கு விட்டுப்போன சாமான்களை எடுத்துக்கொள்கிறார் என்று புகார்கள். மூன்று வீட்டுக்கும் வெளியுலகத்தோடு இருந்த ஒரே நூலிழை அந்தத் தபாலும் அந்தக் கப்பல்களும்தான். ரிட்டர் ஆளுநருக்குப் புகார் எழுதினார். ஆளுநர் வந்து பார்த்தார், பரோனஸின் பேச்சில் மயங்கித் திரும்பினார். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவரைத் தீவின் மகாராணி என்று எழுத, ஆதாம் ஏவாள் கதை பழசாகிவிட்டது. ரிட்டருக்கு இதுவும் ஒரு நஷ்டம்தானே.

குட்வில் என்று ஒன்றைக் கணக்கியலில் படிக்கிறோம். தமிழ்வழிப் புத்தகத்தில் நற்பெயர் என்று இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத சொத்து, ஆனால் ஐந்தொகையில் விலை போடுவார்கள். மூன்று கோஷ்டியின் மூட்டைகளிலும் இல்லாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கடை, கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்க, இங்கே அத்தனைக்கும் பதில் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன்தான். அவனையும் பகைத்துக்கொண்டால் எந்தச் சாமானைக் கொண்டுவந்து என்ன?

1934 தொடக்கத்தில் மழை பொய்த்துக் கடும் வறட்சி. பரோனஸ் வீட்டிலும் நிலைமை கெட்டுவிட்டது. லோரென்ஸை மற்ற இருவரும் அடித்து வேலைக்காரன் போல் நடத்த, அவர் விட்மர் வீட்டுக்கு ஓடிவருவதும் திரும்பப் போவதுமாக இருந்தார். மார்ச் 27-ஆம் தேதி பரோனஸ் வந்து, நண்பர்களின் கப்பல் வந்திருக்கிறது, நானும் பிலிப்சனும் டஹிட்டிக்குப் போகிறோம் என்று சொன்னதாக மார்கரெட் சொல்கிறார். அதன்பிறகு அந்த இருவரையும் யாரும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் எந்தக் கப்பலும் வந்ததாக வேறு யாரும் சொல்லவும் இல்லை.

இங்கேதான் சாமான் பட்டியல் சாட்சி சொல்கிறது. டஹிட்டிக்குப் போகிறவர் தன் பொருட்களை எல்லாம் அப்படியே விட்டுவிட்டா போவார்? பிரியமாக வைத்திருந்த 'டோரியன் கிரே' நாவல்கூட வீட்டிலேயே கிடந்தது என்கிறார் டோரே. வரும்போது கட்டிய மூட்டையை வைத்து ஒருவர் என்ன கனவு கண்டார் என்று சொல்லலாம். போகும்போது கட்டாத மூட்டையை வைத்து அவர் போகவே இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

லோரென்ஸ் அந்தப் பொருட்களை விற்றுக் காசாக்கிக்கொண்டு, ஜூலையில் நுக்கெரூட் என்ற நார்வே மீனவரின் படகில் ஊருக்குக் கிளம்பினார். நவம்பரில் இருவரின் உடல்களும் மார்ச்செனா என்ற தீவின் மணலில் காய்ந்து கருவாடாகக் கிடைத்தன. அந்தத் தீவில் தண்ணீரே கிடையாது.

அதே நவம்பர் 21-ஆம் தேதி ரிட்டர் இறந்தார். அவர்கள் வளர்த்த கோழிகள் சில செத்துப்போக, வீணாக்காமல் சமைத்துப் பதப்படுத்தியதைச் சாப்பிட்டதில் விஷமாகிவிட்டது. வறட்சிக் காலத்தில் சைவக் கொள்கை அவ்வளவு கறாராக இருக்க முடியவில்லை போலும். கடைசி நிமிடத்தில் ரிட்டர் டோரேவைச் சபித்தார் என்கிறார் மார்கரெட். அமைதியாக, அன்போடு போனார் என்கிறார் டோரே. ஒரே படுக்கையின் இரண்டு பக்கமும் நின்றவர்கள்! டோரே ஜெர்மனிக்குத் திரும்பி, தன் பக்கத்துக் கதையைப் புத்தகமாக எழுதினார்.

விட்மர்கள் மட்டும் தங்கினார்கள். அவர்கள்தான் சரியாகத் தயாரானார்கள் என்று உடனே தீர்ப்பு எழுதிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மார்கரெட்டின் புத்தகம் வந்தது 1959-ல். அதற்குள் எதிர்க்கட்சி எல்லாம் தீவைவிட்டுப் போய்விட்டது அல்லது உலகத்தைவிட்டே போய்விட்டது. மிஞ்சியவர் எழுதிய கணக்கை ஆடிட் செய்ய ஆள் இல்லை. பரோனஸ் விஷயத்தில் அவருக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டாரா என்ற சந்தேகம் பலருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ரிட்டருக்குத் தீவு ஒரு கொள்கைக்கு நிரூபணம், பரோனஸுக்கு ஒரு மேடை. விட்மர்களுக்கு அது வீடு. பையனுக்கு உடம்பு தேற வேண்டும், குழந்தைக்குப் பால் வேண்டும், மழைக்கு முன் கூரை போட வேண்டும். 1937-ல் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. தோட்டம் தோற்றால் தத்துவம் தோற்றுவிடுமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை, மறுபடி நட்டால் போதும்.

பழைய மூட்டைகளின் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2000-களின் கடைசியில் ஃப்ளோரியானாவின் காட்டு ஆடுகளையும் கழுதைகளையும் ஒழித்தார்கள். 2023-ல் எலிகளுக்கும் காட்டுப்பூனைகளுக்கும் எதிராகத் தீவு முழுக்க நஞ்சு வைத்தார்கள். எலியாலும் பூனையாலும் இந்தத் தீவிலிருந்து அழிந்துபோன ஃப்ளோரியானா மாக்கிங்பேர்டு, பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டித் தீவுகளில் மட்டும் பிழைத்திருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக. ஒரு ஆட்டை இறக்க ஒரு நிமிடம், ஆட்டை ஏற்ற 170 வருடம்.

மார்கரெட் 2000-ல், தொண்ணூற்றைந்து வயதில், அந்தத் தீவிலேயே இறந்தார். கடற்கரையில் அவர்கள் கட்டிய வீடு மெல்ல மெல்ல ஒரு சின்ன விடுதியாகியிருந்தது. பரோனஸ் திட்டம் போட்ட அதே தொழில். வருகிற பயணிகளுக்கு மார்கரெட், வீட்டிலேயே காய்ச்சிய ஆரஞ்சு ஒயினை ஊற்றிக்கொடுத்துப் பழைய கதைகளைச் சொல்வாராம். பரோனஸ் எங்கே போனார் என்று யாராவது கேட்டால் மட்டும் டஹிட்டிக்கு என்றுதான் பதில்.